பதில் வராத நான்கு விநாடிகள்

எஞ்சின் நின்றால் விமானம் தேங்காய் மாதிரி தொப்பென்று விழுந்துவிடும் என்றுதான் எங்கள் ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறினால், என் வேலை தெரிந்த ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே அதைத்தான் கேட்பார். விழாதுங்க என்பேன். ரெண்டு எஞ்சின் இருக்கு, ஒன்னு நின்னா இன்னொன்ன வச்சு இறங்கலாம், அதுக்குத்தான் ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி எங்களுக்குப் பரீட்சை வைக்கிறாங்க என்பேன். அவருக்கு ஏமாற்றமாகிவிடும். மீதி தூரத்துக்குப் பேச்சு ரோடு வேலையைப் பற்றிப் போகும்.

பதினாறு வருடமாகப் பறக்கிறேன். அதில் கெட்டுப்போனவை பெரும்பாலும் சில்லறைச் சாமான்கள். சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் ஒருமுறை ஒன்று எரியவில்லை. அரை மணி நேரம் வானத்தில் வட்டமடித்து, பயணிகளிடம் ஏதேதோ சமாதானம் சொல்லி, பயந்து பயந்து இறங்கிப் பார்த்தால் பல்பு போயிருந்தது. இன்னொரு முறை மழையில் என் பக்கத்துக் கண்ணாடியில் குறுக்கே விரிசல் ஓடியது. பல அடுக்குக் கண்ணாடி, ஓர் அடுக்கு போனாலும் மற்றது தாங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. தாங்கியது. கூட வேலை பார்க்கிறவர்களிடமும் இந்த மாதிரி ஆளுக்கு நாலு கதை உண்டு. டீ குடிக்கும்போது சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த விமானத்துக்குப் போய்விடுவோம். சிரிக்க முடியாத கதை என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

தெற்கே ஒரு ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் காலை விமானம் அது. எழுபது பேர் உட்காரலாம், இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும். என் வலப்பக்கத்தில் துணை விமானி. ஆற்காட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்றைக்கு ஓட்டியது அவர்தான். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ரேடியோவில் பேச வேண்டும், கருவிகளைக் கவனிக்க வேண்டும், தேவையான சுவிட்சுகளைப் போட வேண்டும். எது நடந்தாலும் பொறுப்பு மட்டும் கேப்டனுக்கு. கேப்டன் நான்.

வானம் சுத்தமாக இருந்தது. இடப்பக்கம் தூரத்தில் எங்கள் மலை தெரிந்தது. வழக்கம்போல ஒரு பார்வை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்போது எச்சரிக்கை மணி அடித்தது.

வலது எஞ்சினில் ஆயில் பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயில் இல்லாமல் ஓடினால் எஞ்சின் தன்னையே அரைத்துக்கொள்ளும். அதனால் அதை நாமே நிறுத்திவிட வேண்டும். புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். பெரிய ஆபத்து என்று சொல்ல முடியாது.

நிறுத்துவதற்கு எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு லீவர்கள் பக்கம் பக்கமாக இருக்கும். இடது எஞ்சினுக்கு நம்பர் ஒன், வலதுக்கு நம்பர் டூ. தப்பானதை இழுத்துவிட்டால் நன்றாக ஓடுகிற எஞ்சின் நின்றுபோகும், கெட்டுப்போன எஞ்சின் மட்டும் மிஞ்சும். அப்போது ஆட்டோக்காரர் சொல்வதுதான் நடக்கும். இதைத் தடுக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இழுக்கப் போகிறவர் லீவர்மேல் கை வைத்து, எண்ணைச் சொல்லி, "கன்ஃபர்ம்?" என்று கேட்க வேண்டும். மற்றவர் அந்தக் கை எதன்மேல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகுதான் "கன்ஃபர்ம்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் லீவர் நகரக் கூடாது. பயிற்சியில் நூறு தடவை இதைச் செய்திருப்போம். நூறு தடவையும் பதில் உடனே வந்திருக்கும். போகப் போகக் கேட்கிறவரும் பார்க்க மாட்டார், சொல்கிறவரும் பார்க்க மாட்டார். கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிறவர் "வாங்க வாங்க" என்பதுபோல வாய் தானாகச் சொல்லிவிடும்.

கை வைத்தேன். "நம்பர் டூ. கன்ஃபர்ம்?" என்றேன்.

பதில் இல்லை.

விமானம் ஆடாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் அதை நன்றாகவே பிடித்திருந்தார். ஆனால் பேசவில்லை. ஒரு விநாடி, இரண்டு, மூன்று, நான்கு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன பொண்ணு இது, கேட்டா பதில் சொல்ல வேணாமா என்று நினைத்துக்கொண்டே மறுபடி கேட்பதற்காகக் குனிந்து பார்த்தேன். என் கை நம்பர் ஒன்னின்மேல் இருந்தது.

வாய் இரண்டு என்று சொல்லியிருந்தது, கை ஒன்றைப் பிடித்திருந்தது. முந்தைய வாரம்தான் சிமுலேட்டரில், தரையில் இருக்கிற போலி காக்பிட்டில், பரீட்சை முடித்திருந்தேன். பரீட்சை வைத்தவர் என்ன நினைத்தாரோ, நான்கு தடவையும் இடது எஞ்சினையே கெடுத்தார். நான்கு தடவையும் இந்தக் கை நேராக நம்பர் ஒன்னுக்குப் போய்ப் பாராட்டு வாங்கியது. அந்த ருசியில் அன்றைக்கும் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது. அவர் வழக்கம்போல "கன்ஃபர்ம்" என்று சொல்லியிருந்தால் நான் குனிந்து பார்த்திருக்க மாட்டேன். இழுத்திருப்பேன்.

கையை மாற்றினேன். "நம்பர் டூ. கன்ஃபர்ம்?" என்று மறுபடி கேட்டேன். இந்தத் தடவை திரும்பிப் பார்த்து "கன்ஃபர்ம்" என்றார். இழுத்தேன். வலப்பக்கத்துக் காற்றாடி மெல்ல ஓய்ந்து நின்றது. ஒற்றை எஞ்சினில் சென்னையில் இறங்கினோம். ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள் கூடவே ஓடிவந்தன. பயணிகளில் முக்கால்வாசிப் பேர் அந்த வண்டிகளைப் பார்த்த பிறகுதான் பயந்தார்கள்.

அன்று மதியமே அறிக்கை எழுத வேண்டும். எழுதினேன். "உறுதிப்படுத்தலில் சிறு தாமதம் ஏற்பட்டது" என்று அதில் ஒரு வரி. பொய் இல்லை. யோக்கியமான வரியும் இல்லை. காக்பிட்டில் குரலைப் பதிவு செய்யும் கருவி உண்டு. அது பேச்சைத்தான் கேட்கும், கையைப் பார்க்காது. லீவர் நகராததால் வேறெந்தக் கருவியிலும் ஒன்றும் பதிந்திருக்காது. என் கை எங்கே இருந்தது என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார், கேப்டனைத் திருத்தத் தயங்கி, பேசாமலிருந்தே திருத்திவிட்டார் என்று எண்ணினேன். கெட்டிக்காரப் பொண்ணு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேதான் அந்த வரியை எழுதினேன். இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஊருக்கு வந்தேன். என் அண்ணன் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறார், குடியிருப்பது திருவண்ணாமலையில். யாரோ ஒரு பயணி எடுத்த தீயணைப்பு வண்டி வீடியோ எனக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. அண்ணன் கடை வாசலில் பன்னிரண்டடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார். முந்நூறு உயிர்களைக் காத்த எங்கள் மண்ணின் மைந்தனே வருக வருக என்று எழுதி, யூனிஃபார்ம் போட்ட என் படம். பின்னால் நான்கு எஞ்சின் வைத்த ஜம்போ விமானம் ஒன்று மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"இன்னாண்ணா இது? நான் ஓட்டற பிளேனே இது இல்லியே" என்றேன்.

"உன் பிளேனையும் போட்டுப் பாத்தேன்டா. ஃபேன் வச்ச மினி பஸ்ஸாட்டம் இருக்குது. எடுப்பாவே இல்ல."

"வந்தது அறுபத்தஞ்சு பேருதான். முந்நூறுனு போட்டிருக்க?"

"அம்மாம் பெரிய பிளேன்ல அறுபத்தஞ்சு பேரு வந்தா நல்லாவா இருக்கும்? சும்மா இருடா."

அதோடு விடவில்லை. நான் பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டாராம். இறங்கினப்புறம் எதுக்குண்ணா வேண்டுதல் என்று கேட்டேன். "இனிமேலும் இறங்கணும் இல்ல?" என்றார். கடைக்கு லீவு விட்டுவிட்டு புதன்கிழமை விடிகாலையில் இழுத்துக்கொண்டு போனார்.

ரமணாசிரமம் தாண்டிச் செங்கம் ரோட்டில் டீ குடிக்க நின்றோம். அண்ணன் டீக்கடைக்காரரிடம் ஜம்போ கதையை ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் துணை விமானியிடமிருந்து போன் வந்தது. டம்ளரை வைத்துவிட்டு ஓரமாகப் போனேன்.

"லீவுல இருக்கீங்க, தொந்தரவு பண்றனா சார்?"

"இல்ல, சொல்லுங்கமா."

"லெட்டர் வந்திருக்கு சார். கன்ஃபர்ம் பண்ண லேட்டாச்சுனு போட்டிருக்காங்க. திங்கட்கிழம விசாரணை. அது வரைக்கும் பறக்க வேணாம்னுட்டாங்க. நான் ப்ரொபேஷன்ல இருக்கறதால, வேலையில வச்சிக்கறதா வேணாமானு அன்னிக்கே முடிவு பண்ணிடுவாங்களாம்."

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. விசாரணையில் என்னென்ன கேட்பார்கள், எப்படித் தயாராவது என்றுதான் கேட்டார். அறிக்கை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பாக்கறேன்மா" என்றேன்.

நம் ஊரில் ஒன்றும் செய்யப்போவதில்லை என்பதை மரியாதையாகச் சொல்ல அந்த ஒரு வார்த்தை போதும். அண்ணன் இன்னொரு டீ சொல்லியிருந்தார். குடித்துவிட்டு மீதிக் கிலோமீட்டர்களை நடந்து முடித்தோம்.

வியாழன் போனது, வெள்ளி போனது. நான் பாட்டுக்கு இருந்தேன். திங்கட்கிழமைக்குள் இரண்டாவது அறிக்கை கொடுத்து, என் கை இருந்த இடத்தைச் சொன்னால் துணை விமானிக்கு வந்த கடிதத்துக்கு அர்த்தமில்லாமல் போகும். அது எனக்குத் தெரியும். சொன்னால் கேப்டன் பதவியிலிருந்து இறக்குவார்கள், முதல் அறிக்கையில் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள் என்பதும் தெரியும். பயந்தேன். இதற்கு வேறு நாகரிகமான பெயர் எதுவும் வைக்க நான் தயாராக இல்லை.

சனிக்கிழமை காலை அண்ணனுடைய வியாபாரிகள் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எஞ்சின் நின்ற நேரத்தில் மனசில் என்ன ஓடியது என்று கேட்டார்கள். ஒன்னும் ஓடலீங்க என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். கடைசியில் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "கூட ஒரு பொண்ணு இருந்துச்சாமே. அது பயந்துபோயி லேட் பண்ணிடுச்சாம். நீங்க ஒத்த ஆளா சமாளிச்சீங்களாம். பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்குங்க இந்த வேலைய குடுக்கறாங்க?" என்றார்.

அண்ணனைப் பார்த்தேன். அவர் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இது அவர் கட்டிய கதை இல்லை. வந்த அன்றைக்கு, என்னடா நடந்தது என்று அவர் துருவியபோது, "கூட இருந்த பொண்ணு கொஞ்சம் லேட் பண்ணிடுச்சு" என்று சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த அம்மாவிடம் மறுத்துப் பேசியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. நன்றிங்க என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்குப் போய்த் துணை விமானிக்கு போன் செய்தேன். நான் புதிதாக ஓர் அறிக்கை கொடுக்கப் போகிறேன் என்றேன். "என் கை நம்பர் ஒன்னு மேலதான் இருந்தது. நீங்க அதப் பாத்துட்டுத்தான் கன்ஃபர்ம் சொல்லாம இருந்தீங்கனு எழுதப் போறேன். உங்களாலதான் எல்லாரும் பொழைச்சாங்கனு எழுதறேன்மா. முன்னாடியே எழுதியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"நம்பர் ஒன்னு மேலயா சார் இருந்தது?" என்றார்.

"ஆமா. நீங்கதான் பாத்தீங்களே."

"நான் பாக்கல சார்."

எனக்குப் புரியவில்லை.

"நான் லீவர் பக்கமே திரும்பல சார். ஆயில் பிரஷர் முள்ளையே பாத்துட்டு இருந்தேன். நீங்க கேட்டது காதுல விழுந்தது. வாய் வரல. அவ்ளோதான் சார். பேச்சு வந்திருந்தா கன்ஃபர்ம்னுதான் சொல்லியிருப்பேன்."

வெயில் மண்டையைப் பிளந்தது.

"அதனால நான் காப்பாத்தினேன்னு எழுதாதீங்க சார். அடுத்த தடவ எனக்கு வாய் வந்துடும். அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

"விசாரணையில இத நீங்க சொல்லணும்னு அவசியம் இல்லம்மா. வேலைக்கே வேட்டு வச்சிடும்" என்றேன். அவர் வச்சிடறேன் சார் என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் கையைப் பார்த்த சாட்சி உலகத்தில் யாருமே இல்லை. நான் முதலில் எழுதிய வரியும் நியாயமாகிவிட்டது. தாமதம் உண்மையிலேயே அவருடையதுதானே? ராத்திரி முழுக்க அந்த நிம்மதியோடு படுத்திருந்தேன், தூக்கம் மட்டும் வரவில்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்தால் விரல் எங்கெங்கோ போனது. பத்து மணிக்கு என்னிடம் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதில் வானிலை இருந்தது, முந்தைய வாரப் பரீட்சை இருந்தது, அவர் விமானத்தை எவ்வளவு நிதானமாகப் பிடித்திருந்தார் என்பதும் இருந்தது. என் கை இருந்த இடம் மட்டும் இல்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, "டிபன் ஆறுதுடா, இன்னா லவ் லெட்டரா எழுதற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்து மணி சொச்சத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. துணை விமானி விசாரணைக்கு அனுப்பிய வாக்குமூலம், கேப்டன் என்ற முறையில் எனக்கு ஒரு பிரதி. ஆங்கிலத்தில் ஐந்தே வரி. கேப்டன் முதல் முறை கேட்டபோது நான் லீவரைப் பார்க்கவில்லை. அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச முடியவில்லை. பேசியிருந்தால், பார்க்காமலே உறுதி செய்திருப்பேன். எனக்கு மறுபடி பயிற்சி தேவை.

என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முந்தைய நாள்தான் நானே அவரிடம் சொல்லியிருந்தேன். அதை எழுதியிருந்தால் அவருடைய வேலையைக் காப்பாற்ற அது ஒன்றே போதும். தான் கண்ணால் பார்க்காததை அவர் எழுதவில்லை. இரண்டாம் தடவையும் படித்தேன். அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. பிறகு என் ஒன்றரைப் பக்கத்தை அழித்துவிட்டு மூன்று வரி எழுதினேன். என் கை தவறான லீவரின்மேல் இருந்தது. பதில் வராததால் மட்டுமே அதை நகர்த்தவில்லை. முதல் அறிக்கையில் இதை மறைத்தேன். அனுப்பினேன்.

திங்கட்கிழமை சென்னையில் விசாரணை. மூத்த கேப்டன் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இருவரும் இந்தப் பக்கம். துணை விமானிக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வேலை தங்கியது. இரண்டு பேருக்கும் மறுபடி பயிற்சி என்றும், எனக்கு ஆறு மாதம் துணை விமானியின் இருக்கை என்றும் முடிவானது. எதிர்பார்த்ததைவிடக் கம்மிதான்.

எழுந்திருக்கும் நேரத்தில் மூத்த கேப்டன் இரண்டு வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வந்த நேரத்தைப் பார்த்தார்.

"இவங்களோடது முதல்ல வந்திருக்கு. உங்களோடது இருபது நிமிஷம் கழிச்சு" என்றார். "இதப் படிச்சப்புறம்தான் அத எழுதினீங்களா?"

துணை விமானி என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

"ஆமா சார்" என்றேன்.